குடியேற ஆள் வராத கிராமம்: ஹசன் ஃபாத்தியை ஏன் இன்னும் படிக்கிறோம்?

கட்டடக்கலை இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: எகிப்தின் ஹசன் ஃபாத்தியை வகுப்பில் மேதை என்கிறார்கள். ஆனால் ஏழைகளுக்காக அவர் கட்டிய குர்னா கிராமத்துக்கு அந்த ஏழைகளே போக மறுத்துவிட்டார்களாம். அப்படித் தோற்றவரை எதற்கு இன்னும் பாடத்தில் வைத்திருக்கிறார்கள்?

குர்னா தோற்றது உண்மைதான், அதில் மழுப்ப ஒன்றுமில்லை. ஆனால் அது ஏன் தோற்றது என்பதைத் தெரிந்துகொண்டால் கேள்வி கொஞ்சம் திரும்பும். அதோடு, ஃபாத்தி கட்டி முடித்த கட்டடங்களை மட்டும் வைத்து எடை போட்டால் அவர் கணக்கு எப்போதும் குறைவாகத்தான் வரும். படிக்காத கொத்தனார்களின் கையில் மட்டும் இருந்த ஒரு தொழிலை எடுத்து, அது ஏன் நிற்கிறது என்று புரிந்துகொண்டு, வகுப்பறைக்கும் உலகத்துக்கும் கொண்டு வந்தாரே, அதுதான் அவர் செய்த பெரிய காரியம் என்பது என் கருத்து. அந்த வகையில் அவர் முதலில் ஆசிரியர், அப்புறம்தான் கட்டடக் கலைஞர்.

ஃபாத்தி 1900 மார்ச் 23 அன்று அலெக்சாண்ட்ரியாவில் பிறந்தார். வசதியான நிலவுடைமைக் குடும்பம். நிலம் இருந்ததே தவிர, அப்பாவுக்குக் கிராமம் என்றாலே ஆகாது. ஈ, கொசு, அசுத்தத் தண்ணீர் என்று சொல்லிப் பிள்ளைகளை அந்தப் பக்கமே விடமாட்டாராம். அம்மாவோ சிறு வயதில் கிராமத்தில் இருந்தவர். அந்தக் கதைகளை ஆசையாகச் சொல்வார். பையன் மனதில் கிராமம் சொர்க்கமாகவே பதிந்துபோனது. விவசாயம் படிக்க ஆசைப்பட்டு நுழைவுத் தேர்வுக்குப் போனார். அதுவரை வயலை ரயில் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருந்தார். ஒரு விவசாயி வீட்டுப் பிள்ளைக்குத் தண்ணீர் பட்ட பாடாக இருக்கும் கேள்விகளில் திணறி, தேர்வில் தேறவில்லை. அப்படித்தான் கட்டடக்கலைக்கு வந்தார். 1926-ல் கெய்ரோவில் பட்டம் பெற்றார். இந்தப் பின்னணியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கிராமத்தை வெளியிலிருந்து காதலித்த மனிதர் அவர். அவருடைய பலமும் பலவீனமும் அதில்தான் இருக்கின்றன.

வேலைக்குப் போன புதிதில் டால்கா என்ற சிற்றூரில் ஒரு பள்ளிக்கூடக் கட்டுமானத்தை மேற்பார்வையிட அனுப்பினார்கள். அந்த ஊரின் சேறும் சந்தும் அவருக்குக் குமட்டலை வரவழைத்தன. அப்புறம் குடும்பப் பண்ணைக்கு முதல்முறையாகப் போனபோது, தங்கள் நிலத்தில் உழைப்பவர்கள் குடியிருந்த இடத்தைக் கண்டு அதிர்ந்துபோனார். நல்ல வீடு கட்ட சிமெண்டும் கம்பியும் மரமும் வேண்டும். அவற்றுக்குப் பணம் வேண்டும். அது விவசாயியிடம் இல்லை. ஆனால் அவர் காலடியிலேயே மண் கிடக்கிறது. எகிப்தியர்கள் ஆயிரக்கணக்கான வருடங்களாகச் சூளையில் சுடாத பச்சைச் செங்கலில்தான் கட்டி வந்திருக்கிறார்கள். அதை ஏன் ஒழுங்காக வடிவமைத்துக் கட்டக்கூடாது என்று யோசிக்க ஆரம்பித்தார்.

1930-லிருந்தே கெய்ரோ நுண்கலைக் கல்லூரியில் பாடம் எடுத்துவந்தார். 1937-ல் மண் வீடுகளுக்கான வடிவங்களை ஓவியங்களாகவே தீட்டிக் கண்காட்சி வைத்தார். அந்த ஓவியங்களைத் தேடிப் பாருங்கள். பழைய எகிப்தியச் சுவரோவிய பாணியில், தரை வரைபடமும் முகப்பும் ஒரே தாளில் சேர்ந்து நிற்கும். பக்கத்தில் அத்திமரம், பசு வடிவில் ஹாத்தோர் தேவி. தேர்வுக்கு இப்படி வரைந்து கொடுத்தால் உங்கள் ஆசிரியர் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

சுவர் மண்ணில் கட்டுவது எளிது. சிக்கல் கூரையில். மண்ணுக்கு அழுத்தத்தைத் தாங்கத் தெரியும், இழுவிசையைத் தாங்கத் தெரியாது. அதனால் தட்டையான கூரைக்கு மரமோ இரும்போ வேண்டும். இரண்டாம் உலகப் போர் வந்ததும் எகிப்துக்கு இரண்டின் வரத்தும் சுருங்கிவிட்டது. அந்தச் சமயத்தில் அரச வேளாண் சங்கத்துக்காக பஹ்தீமில் ஒரு பண்ணைக் கட்டட வேலை ஃபாத்தியிடம் வந்தது. வளைவுக் கூரை போட்டால் மரம் வேண்டாமே என்று முயன்றார். ஆனால் வளைவைக் கட்டும்போது அதைத் தாங்கக் கீழே சென்ட்ரிங் என்ற தற்காலிகச் சட்டம் வேண்டும். சென்ட்ரிங்குக்கு மறுபடி மரம். சென்ட்ரிங் இல்லாமல் கட்டிப் பார்த்தார்கள். இடிந்து விழுந்தது. மறுபடியும் விழுந்தது.

அஸ்வான் அணை வேலையில் இருந்த அவருடைய சகோதரர்தான், "நூபியர்கள் மரச் சட்டம் இல்லாமலே வளைவுக் கூரை போடுகிறார்களே" என்று சொன்னார். நூபியர்கள் எகிப்தின் தெற்கே, நைல் கரையில் வாழும் மக்கள். 1941-ல் ஃபாத்தி அஸ்வானுக்குப் போனார். ஆற்றின் மேற்குக் கரையில் கர்ப் அஸ்வான் என்ற நூபியக் கிராமம். வீட்டுக்கு வீடு வண்ணமும் வேலைப்பாடும். கூரையெல்லாம் பச்சைச் செங்கல் வளைவு. கல்லூரியில் யாரும் சொல்லித்தராத ஒன்று அங்கே தெருவெல்லாம் நின்றுகொண்டிருந்தது. கொத்தனார்களைத் தேடிப் பிடித்துக் கேட்டார். மூன்று மீட்டருக்கு நான்கு மீட்டர் அறைக்குக் கூரை போட எத்தனை நாளாகும்? ஒன்றரை நாள் என்றார்கள்.

எப்படிக் கட்டுகிறார்கள் என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், இதைப் புரிந்துகொள்ளாமல் ஃபாத்தியைப் புரிந்துகொள்ள முடியாது. அறையின் ஒரு கோடிச் சுவரை மட்டும் உயரமாக எழுப்புவார்கள். அதன்மேல் மண் சாந்தை அப்பி, வளைவின் வடிவத்தைக் கண்ணளவிலேயே வரைந்து வாய்ச்சியால் செதுக்குவார்கள். கயிறும் கிடையாது, அளவுகோலும் கிடையாது. ஆனாலும் வருவது அரைவட்டமல்ல, பரவளைவு. தன் எடையை இழுவிசை இல்லாமல் கீழே இறக்குவதற்கு ஏற்ற வடிவத்தை அந்தக் கைகள் பழக்கத்தாலேயே அறிந்திருந்தன. கூரைக்கான கல்லே தனி: 25 செ.மீ. நீளம், 15 அகலம், 5 கனம். எடை குறையட்டும் என்று வைக்கோல் கூடுதலாகச் சேர்ப்பார்கள். ஈரமாக இருக்கும்போதே கல்லின் முகத்தில் விரலால் இரண்டு கோடு இழுத்துவிடுவார்கள். சாந்தில் வைத்து அழுத்தினால் அந்தப் பள்ளம் கவ்விப் பிடிக்கும்.

முதல் வரிசையைக் கோடிச் சுவரில் சாய்த்து வைப்பார்கள். அடுத்த வரிசை அதன்மேல் சாயும். இப்படி ஒவ்வொரு வளையமும் முந்தைய வளையத்தின் மடியில் சாய்ந்தே நிற்பதால், கல் வழுக்கி விழுவதற்குள் சாந்து பிடித்துக்கொள்கிறது. ஒரு வளையம் இரு பக்கமும் சேர்ந்து முடிந்துவிட்டால் அது தானே நிற்கும். சென்ட்ரிங்குக்கு வேலையே இல்லை. பஹ்தீமில் விழுந்ததற்கும் அஸ்வானில் நிற்பதற்கும் இருந்த வித்தியாசம் அந்தச் சாய்வுதான். லக்ஸரின் மேற்குக் கரையில், இரண்டாம் ராம்செஸ் கட்டிய ராமசேயம் கோயிலின் தானியக் கிடங்குகளில் இதே மாதிரி பச்சைச் செங்கல் வளைவுகள் ஏறக்குறைய 3,200 வருடமாக நிற்கின்றன. மண் கரைந்துவிடாதா என்று கேட்பவர்களுக்கு அந்தப் படத்தைக் காட்டலாம். ஆனால் அங்கே மழை அநேகமாகக் கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஃபாத்தியின் ரசிகர்கள் இந்த இரண்டாவது வரியைச் சொல்ல மறந்துவிடுவார்கள்.

இனி குர்னா.

அதே லக்ஸர் மேற்குக் கரையில், பழைய எகிப்திய மன்னர்களைப் புதைத்த அரசர்களின் பள்ளத்தாக்குக்குப் பக்கத்தில், பிரபுக்களின் கல்லறைகள் இருக்கும் குன்றின்மேல் பழைய குர்னா மக்கள் வாழ்ந்தார்கள். சுமார் ஏழாயிரம் பேர். வீட்டுக்கு அடியிலேயே கல்லறை. தோண்டி எடுத்து விற்பது, பழம்பொருளைப் போலவே போலி செய்து விற்பது, அகழாய்வாளர்களிடம் கூலி வேலை, சுற்றுலாப் பயணிகளுக்கு வழிகாட்டுவது, எல்லாமே பிழைப்பு. ஒருமுறை பாறையில் செதுக்கியிருந்த ஒரு முழுச் சிற்பத்தையே பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். ஊர் சிரித்தது. தொல்பொருள் துறை, ஆட்களை மொத்தமாகக் கீழே இறக்கிவிடுவது என்று முடிவு செய்து, சமவெளியில் 50 ஏக்கர் நிலம் வாங்கி, 1945-ல் ஃபாத்தியைக் கூப்பிட்டது. மண்ணில் கட்டினால் செலவு குறையும் என்பதுதான் அதிகாரிகள் அவரிடம் கண்ட கவர்ச்சி.

ஃபாத்திக்கோ அது வாழ்நாள் வாய்ப்பு. ஒரே வீட்டு வரைபடத்தைத் தொள்ளாயிரம் முறை அச்சடிக்க மாட்டேன் என்றார். குடும்பம் குடும்பமாகப் பேசி, ஒவ்வொன்றுக்கும் தனி வீடு. ஒரே வம்சத்தார் ஒரு முற்றத்தைச் சுற்றி வாழ்வதுபோல் தெருக்கள். மசூதி, சந்தை, பையன்களுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் பள்ளிகள், கைத்தொழில் கூடம், ஒரு திறந்தவெளி அரங்கம்கூட. பள்ளியில் 'மல்கஃப்' என்ற காற்றுப் போக்கி வைத்தார். உயரத்தில் வாய் திறந்த கோபுரம். அதன் உள்ளே நனைத்த கரித்தட்டு. மேலே வீசும் காற்று அந்த ஈரக் கரி வழியாக இறங்கி வகுப்பறைக்கு வரும்போது 10 டிகிரி குறைந்ததாக அவரே எழுதியிருக்கிறார். குளிருக்கு ஆஸ்திரிய மலைக்கிராமங்களின் கணப்பு அடுப்பை எடுத்து, உள்ளூரில் ரொட்டி அடுப்பு செய்யும் ஒரு மூதாட்டியைக் கொண்டு மண்ணிலேயே செய்ய வைத்தார். அஸ்வானிலிருந்து நூபியக் கொத்தனார்கள் வந்து கூரை போட்டார்கள். கூடவே உள்ளூர் ஆட்களும் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது திட்டம். கட்டுமான இடமே பயிற்சிப் பள்ளி.

ஆனால் யாரைக் கேட்டுக் கட்டினார்? ஆண்களைக் கேட்டார். வீட்டை உண்மையில் ஆளும் பெண்களிடம் அவரால் பேசவே முடியவில்லை. அந்த ஊர் வழக்கம் விடவில்லை. இதை அவரே வருத்தத்தோடு எழுதியிருக்கிறார். அடுப்பும் ஆடுமாடும் தண்ணீர்க் குடமும் பெண்கள் கையில் இருக்கும்போது, வீட்டின் திட்டம் பாதி ஊகமாகத்தான் இருந்திருக்கும். அடுத்து, குவிமாடம். மேல் எகிப்தில், அதாவது நாட்டின் தென்பகுதியில், குவிமாடம் என்றால் பலருக்கும் ஞாபகம் வருவது மகான்களின் சமாதி. அதன் கீழே படுத்துத் தூங்கச் சொன்னால்? நூபியாவில் அழகு, குர்னாவில் அபசகுனம். வெளியாள் கண்ணுக்கு இரண்டும் 'எகிப்திய மரபு'.

இதெல்லாம் இரண்டாம்பட்சம் என்பேன். முதல் காரணம் பிழைப்பு. மேலே இருந்தால் வருமானம், கீழே வந்தால் அழகான வீடு மட்டும். எந்தக் குடும்பம் அந்த வியாபாரத்துக்கு ஒத்துக்கொள்ளும்? வேலை நடக்கும்போது குர்னாவாசிகள் சிலர் கரையை வெட்டி நைல் வெள்ளத்தைப் புதுக் கிராமத்துக்குள் விட்டார்கள் என்கிறார் ஃபாத்தி. இன்னொரு பக்கம் அரசாங்கக் காகிதம்: வைக்கோல் வாங்க அனுமதி, கூலி கொடுக்க அனுமதி, எல்லாவற்றுக்கும் தாமதம். துறை விட்டுத் துறை கோப்பு அலைந்தது. 1948 வாக்கில் வேலை நின்றது. மசூதியும் சந்தையும் அரங்கமும் பள்ளிகளும் எழுந்தன. வீடுகளில் ஒரு பகுதிதான் முடிந்தது. பழைய குர்னாவாசிகள் மேலேயே இருந்தார்கள். 2006 டிசம்பரில் அரசு புல்டோசர்களோடு வந்து குன்றின்மேல் இருந்த வீடுகளை இடிக்கத் தொடங்கும்வரை பெரும்பாலோர் அசையவில்லை.

ஆக, தோற்றது மண்ணா? இல்லை. மக்களை விருப்பமில்லாமல் அகற்றும் ஒரு திட்டத்துக்கு நல்ல கட்டடக் கலைஞர் ஒருவர் நல்ல வீடு கட்டிக் கொடுத்தார். எவ்வளவு நல்ல வீடாக இருந்தாலும் அதன் பெயர் வெளியேற்றம்தான். ஃபாத்தி இதை முழுசாக ஒத்துக்கொண்டதில்லை. அவருடைய எழுத்தில் அதிகாரிகள்மேல் வரும் கோபம், அந்தத் திட்டத்தின் அடிப்படை நியாயத்தின்மேல் வருவதில்லை. அவரைக் குறை சொல்வதானால் நான் இந்த இடத்தில்தான் சொல்வேன்.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1953-ல் மறுபடி நுண்கலைக் கல்லூரிக்குப் போய், பின்னர் அங்கே கட்டடக்கலைத் துறையை நடத்தினார். 1957-ல் மனம் வெறுத்து ஏதென்ஸுக்குப் போய், டாக்ஸியாடிஸ் என்ற கிரேக்க நகரத் திட்டமிடலாளரின் நிறுவனத்தில் சில வருடம் இருந்தார். ஈராக் வீட்டுத் திட்டங்களில் வேலை செய்தார். அறுபதுகளின் தொடக்கத்தில் கெய்ரோ திரும்பினார். 1964-ல் அங்கே ஒரு கட்டட ஆய்வு மையத்தில் வெவ்வேறு பொருட்களில் மாதிரி அறைகள் கட்டி வெப்பம் அளந்தார்கள். பச்சைச் செங்கல் அறைக்குள் 24 மணி நேரத்தில் ஏற்ற இறக்கம் 2 டிகிரிக்கு மேல் இல்லை. கான்கிரீட் பலகை அறை 36 டிகிரி வரை ஏறியது. மண் அறையைவிட 13 டிகிரி அதிகம், வெளியே இருந்ததைவிடவே 9 டிகிரி அதிகம். இந்த எண்களை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் மண் சுவர் 50 செ.மீ., கான்கிரீட் பலகை 10 செ.மீ. என்பதையும் பார்க்க வேண்டும். மண்ணின் வெற்றியில் கனத்துக்கும் பெரிய பங்கு உண்டு. இருந்தாலும், அரசாங்கம் ஏழைக்குக் கட்டிக் கொடுத்தது அந்த 10 செ.மீ. பலகையைத்தான் என்பதால் ஒப்பீடு நியாயமற்றது என்றும் சொல்லிவிட முடியாது.

எகிப்தின் கார்கா பாலைவனச் சோலையில் நியூ பாரிஸ் என்ற கிராமத்தை 250 குடும்பங்களுக்காக வடிவமைத்தார். பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், பாரிஸ் அங்கே உள்ள ஊர். சந்தைக் கட்டடத்தில் வரிசையாகக் காற்றுப் போக்கிகள் வைத்து, காய்கறி வாடாமல் இருக்க நிலவறைகள் கட்டினார். 1967-ல் இஸ்ரேலோடு போர் வந்தது, வேலை நின்றது. அங்கே யாரும் குடியேறவே இல்லை. இரண்டாவது காலிக் கிராமம்.

அவர் புகழ் வந்தது கட்டடத்தால் அல்ல, எழுத்தால். குர்னா அனுபவத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் 1969-ல் கெய்ரோவில் சிறு பதிப்பாக வந்தது. 1973-ல் சிகாகோ பல்கலைக்கழகம் அதை வெளியிட்டதும் உலகம் முழுக்கக் கட்டடக்கலை மாணவர்கள் படிக்க ஆரம்பித்தார்கள். 1980-ல் 'மாற்று நோபல்' எனப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது, அதுவும் அந்த விருது தொடங்கிய முதல் வருடமே. அதே ஆண்டில் ஆகா கான் கட்டடக்கலை விருதின் தலைவர் வழங்கும் சிறப்பு விருது. 1984-ல் சர்வதேசக் கட்டடக் கலைஞர் சங்கத்தின் தங்கப் பதக்கம். எண்பது வயதில் இரண்டு நூபியக் கொத்தனார்களைக் கூட்டிக்கொண்டு அமெரிக்காவின் நியூ மெக்சிகோவுக்குப் போய், அபிகியூ என்ற இடத்தில் மண் மசூதி எழுப்பினார். கொத்தனார்களைக் கூடவே அழைத்துப் போனது எனக்கு முக்கியமாகப் படுகிறது. வரைபடத்தை மட்டும் அனுப்பினால் அந்தச் சாய்வு போய்ச் சேராது என்று அவருக்குத் தெரியும்.

கடைசிக் காலத்தில் கெய்ரோ கோட்டைக்குக் கீழே தர்ப் அல்-லபானா சந்தில் ஒரு பழைய மாளிகையின் மாடியில் பூனைகளோடு வாழ்ந்தார். வயலின் வாசிப்பார். கல்லூரிப் பாடத்திட்டத்தில் மண்ணுக்கு இடமில்லாத காலத்தில், இளைஞர்கள் அந்த மாடிப்படி ஏறித்தான் கற்றுக்கொண்டார்கள். 1989 நவம்பர் 30 அன்று இறந்தார்.

அந்த மாணவர்களில் பெயர் பெற்றவர் அப்தெல் வாஹித் அல்-வக்கீல். அலெக்சாண்ட்ரியா அருகே அகமியில் அவர் கட்டிய ஹலாவா இல்லம் 1980-ல் ஆகா கான் விருது பெற்றது. பின்னாளில் சவூதியில் பல மசூதிகளைக் கட்டினார். ஹலாவா இல்லம் ஒரு கடற்கரை விடுமுறை வீடு. செங்கடல் கரையில் எல் கூனா சொகுசு விடுதிகளிலும் ஃபாத்தியின் குவிமாடத்தைப் பார்க்கலாம். ஏழைக்கு என்று சொன்ன வடிவம் பணக்காரர்களின் ஓய்வு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. விவசாயியோ கம்பியும் கான்கிரீட்டும் வாங்கக் காசு சேர்த்துக்கொண்டிருந்தார். அஸ்வான் பேரணை வந்தபின் வண்டல் வருவதும் நின்றது. வயல் மண்ணை வெட்டிச் செங்கல் அறுக்க எண்பதுகளில் அரசு தடையும் போட்டது. 'காலடியில் கிடக்கும் மண்' என்ற வாதமே நைல் கரையில் அடிபட்டுப்போனது.

ஆனால் சகாராவுக்குத் தெற்கே கதை வேறு. சகேல் நாடுகளில் மரம் அரிதாகி, தகரக் கூரை வெயிலில் அடுப்பாகக் காயும். அங்கே 2000-ல் பிரெஞ்சுக் கொத்தனார் தாமஸ் கிரானியேவும் புர்கினா ஃபாசோ விவசாயி செரி யூலுவும் சேர்ந்து 'நூபிய வளைவு' என்ற பெயரிலேயே ஒரு சங்கம் தொடங்கினார்கள். வீட்டைக் கட்டிக் கொடுப்பதைவிட உள்ளூர்க் கொத்தனாரைப் பழக்குவதில்தான் அவர்கள் குறி. அவரவர் ஊரில், அவரவர் காசில், வேண்டுமென்று கேட்பவருக்குத்தான் வீடு. குர்னாவில் இல்லாமல் போனது அதுதான். அதே நாட்டின் ஃபிரான்சிஸ் கெரே, 2022-ல் கட்டடக்கலையின் உயர்ந்த பரிசான பிரிட்ஸ்கர் பரிசு பெற்ற முதல் ஆப்பிரிக்கர், 2001-ல் காண்டோவில் பள்ளி கட்டியதும் இப்படித்தான்: தன் சொந்த ஊர், ஊரார் கை, கொஞ்சம் சிமெண்ட் கலந்த மண் கல். அவர் வளைவுக் கூரைக்குப் போகவில்லை. மழையைக் கணக்கில் எடுத்து, மேலே தனியாக ஒரு தகரக் கூரையைத் தூக்கி நிறுத்தினார்.

நேரில் பார்க்க வேண்டுமென்றால் எகிப்துவரை போக வேண்டாம். ஆரோவில்லின் பார்வையாளர் மையத்துக்கு 1992-ல் ஹசன் ஃபாத்தி பெயரிலான விருது கிடைத்தது. அங்கே உள்ள மண் கட்டுமான நிறுவனம் நூபிய முறையில் வளைவு எழுப்பப் பயிற்சி தருகிறது. கல் மட்டும் வேறு: இயந்திரத்தில் அழுத்தி, சுமார் ஐந்து சதவீதம் சிமெண்ட் சேர்த்தது, நம் வடகிழக்குப் பருவமழைக்காக. பயிற்சியில் சேர முடிந்தால் சேருங்கள். ஒரு வளையத்தையாவது உங்கள் கையால் சாய்த்து வைத்துவிட்டு அப்புறம் அவருடைய நூலைப் படித்தால், அதில் எங்கே அவர் ஆசிரியராகப் பேசுகிறார், எங்கே ஊருக்கு வெளியே நின்று ஆசைப்படுகிறார் என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரியும்.